4 பாட்டு, 18 நிமிடம்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பெடியன் ஒருவனும் டொரொண்டோவில் இருக்கிற கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட ஈபி, அதாவது சின்னப் பாட்டுத் தொகுப்பு. இணையத்தில் சத்தம் பிந்தித்தான் வரும், சேர்ந்து வாசிக்க ஏலாது, அதனால் ஒரே கிளிக் ட்ராக்கை (தாளம் பிசகாமல் இருக்கக் காதில் ஓடுகிற டிக் டிக் சத்தம்) வைத்து ஆளாளுக்குத் தனியே பதிந்து அனுப்பியிருக்கிறார்கள், அங்கே விடியும்போது இங்கே பின்னேரம். பாடகனின் அம்மாவுக்குக் கிழமைக்கு 3 தரம் டயாலிசிஸ், ஒவ்வொரு தரமும் 4 மணித்தியாலம்; வரிகளெல்லாம் ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்தபோது எழுதியவை. மூன்றாவது பாட்டில் மின்விசிறிச் சத்தத்துக்குள்ளே "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டியோ" என்று அம்மாவின் குரலும் விழுந்திருக்கிறது, நல்லகாலம் அழிக்கவில்லை. ட்ரம்ஸ் மட்டும் வெறும் மெசின் சத்தம். சரி, அபார்ட்மெண்டில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரா? கடைசிப் பாட்டு இழுவை. ஹெட்போனில் கேளுங்கோ.