மண்டபம் கரையோரத்தில் ஒரு கீதாராதனை

இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரை அடுத்த மீனவர் குடியிருப்பிலுள்ள ஒரு சிறிய ஆலயத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை நடந்த கீதாராதனைக்குச் சென்றிருந்தேன். பாடகர் குழுவில் பதினெட்டுப் பேர். பக்க இசைக்கு ஒரு கீபோர்டு மட்டும். ஆயினும், வாசித்த வசனத்துக்குப் பாட்டு மறுமொழி சொல்லுகிற ஆராதனையைப் பெரிய நகரத்து ஆலயங்களில்கூட நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன், இங்கே கேட்டேன்.

ஒன்பது வேத வாசிப்புகளும் பாடல்களும் மாறிமாறி வரும் இந்தக் கீதாராதனை முறைமை, 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் பேராயர் எட்வர்ட் பென்சன் தொடங்கி வைத்தது. 1918-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் எரிக் மில்னர்-வைட் அதை எடுத்தாண்ட பிறகு உலகமெங்கும் பரவியது. நம் சபைகள் பலவற்றில் நேரமில்லை என்று வாசிப்புகளை நாலைந்தாகக் குறைத்துவிடுகிறார்கள். அப்படிக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம்தான். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் தேவனுடைய கட்டளையை மீறியதைக் கேளாமல், இயேசு பிறந்த பெத்லகேமுக்குப் போனால், அந்தப் பிள்ளை ஏன் பிறக்க வேண்டியிருந்தது என்பதே விளங்காமல் போய்விடும். இந்தச் சபையார் ஒன்பதையும் ஒன்றுவிடாமல் வாசித்தார்கள் என்பதே இவர்களுக்கு நான் தரும் முதல் மதிப்பெண்.

தொடக்க ஜெபத்தைத் தனியே சொல்ல வேண்டும். மில்னர்-வைட் முதல் உலகப் போரில் படையோடு இருந்த குருவானவர். போர் முடிந்த அந்த ஆண்டில் அவர் எழுதிய அழைப்பு ஜெபத்தில், வேறொரு கரையில், மிகுந்த வெளிச்சத்தில் நம்மோடு மகிழ்ந்திருப்பவர்களை, அதாவது நமக்கு முன்னே மரித்தவர்களை, நினைக்கச் சொல்லும் ஓர் இடம் வருகிறது. ஆயர் அதைத் தமிழில் சொல்லி, 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலில் மாண்டவர்களையும், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களையும் அதனோடு சேர்த்து நினைவுகூர்ந்தார். 'வேறொரு கரை' என்ற சொல் காதில் விழுந்ததும், எனக்கு முன்வரிசையில் இருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு ஆலயத்தில் இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்துக்குப் பிறகு பாடிய கீர்த்தனையில், பல்லவியை ஒரு சிறுமி துணை இசையின்றித் தனியே எடுத்துக்கொடுக்க, சரணத்தில் ஆண்களின் குரல் கீழிருந்து வந்து அவளைத் தாங்கியது. நான்கு குரலில் பாடிய பாமாலைப் பாட்டுகளில் சோப்ரானோ என்னும் பெண்களின் மேல் குரலும் பேஸ் என்னும் ஆண்களின் கீழ்க் குரலும் தெளிவு. ஆல்டோ என்னும் பெண்களின் கீழ்க் குரலைப் பாடிய இருவரையும், டெனர் என்னும் ஆண்களின் மேல் குரலைப் பாடியவர்களுக்குப் பின்னால் நிறுத்தியதால் அவர்கள் குரல் முன்னே வந்து சேரவில்லை.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசித்தவர் வயதான கடல் தொழிலாளி. வாடைக் காற்று ஜன்னல் வழியே புகுந்து இரைந்ததால், மைக்கின்மேல் யாரோ ஒரு கட்டம்போட்ட கைக்குட்டையைச் சுற்றியிருந்தார்கள். அவர் விரலை வரியின்மேல் வைத்து, 'இராத்திரியிலே தங்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்' என்ற இடத்தில் நிறுத்தி, மூச்செடுத்து, மேலே போனார். இரவெல்லாம் விழித்திருப்பது இன்னதென்று அறிந்தவரின் வாசிப்பு அது. மற்ற வாசிப்பாளர்களில் பள்ளி மாணவர் இருவர் மிகவும் விரைந்து படித்தார்கள். முன்கூட்டியே இரண்டு தடவை மைக்கில் வாசித்துப் பழக்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

மனத்தாங்கல் ஒன்று உண்டு. மத்தேயு வாசிப்புக்குப் பிறகு கீபோர்டில் தானியங்கித் தாளத்தைப் போட்டுவிட்டார்கள். அதுவரை வார்த்தை வார்த்தையாகக் கேட்ட பாட்டு அந்த இரைச்சலில் மூழ்கியது. போதாததற்கு, எட்டாம் வாசிப்புக்கு முன் காணிக்கை அறிவிப்புக்காகப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அறிவிப்பைக் கடைசிப் பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் யோவான் முதல் அதிகாரத்துக்குச் சபையார் எழுந்து நின்றபோது தாளம் நின்றிருந்தது. ஆயர் நிதானமாக வாசித்து முடிக்க, பாடகர் குழு உடனே பாடத் தொடங்காமல் சற்று நேரம் அமைதியாக நின்றது. அந்த இடைவெளியில் கடலின் சத்தம் ஆலயத்துக்குள் வந்தது. பிறகுதான் கடைசிப் பாட்டை எடுத்தார்கள்.

மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிந்தது. உள்ளே நூறு பேருக்குமேல் இடமில்லை. ஆறு மணிக்கே போய்விடுவது நல்லது.