வரி 0.00 என்று காட்டினால் சந்தோசப்பட வேண்டாம்

கனடாவில் ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். அமெரிக்கக் கடைகளில் ஒன்லைனில் சாமான் எடுக்கிற ஆட்கள் காசு கட்ட முதல் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள்.

மகள் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். போனிலேயே சும்மா சுருதி போடலாம் என்று டீச்சர் சொன்னார். போனைக் கையில் கொடுத்தால் அது சுருதியோடு நிற்காது என்று எனக்குத் தெரியும், அதனால் தனிச் சுருதிப்பெட்டி தேடி அமெரிக்காவில் ஒரு கடையில் பிடித்தேன். 89 அமெரிக்க டொலர், எங்கள் காசுக்கு அன்றைக்கு 122. கடைசிப் பக்கத்தில் 'வரி: 0.00' என்று கிடந்தது. இங்கே கடையில் வாங்கினால் 13 வீதம் எச்எஸ்டி என்கிற விற்பனை வரி, அங்கே ஒன்றுமில்லை, நல்ல லாபம் என்று மனிசிக்குக்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன். தபாலா கூரியரா என்று கேட்டதற்கு இரண்டு நாள் முந்தி வரும் என்று கூரியரை அமத்தினேன். அந்த ஒரு அமத்தல்தான் பிழை.

பெட்டி கதவடிக்கு வந்தது. ஒருவரும் காசு கேட்கவில்லை. பெட்டி நன்றாக வேலை செய்தது, நானும் மறந்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து கூரியர் கொம்பனியிடம் இருந்து கடிதம். எச்எஸ்டி 15.86. சரி, அது அரசாங்கத்துக்குப் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே சுங்கத்தில் எடுத்துவிட்ட கூலி 29, எங்களுக்காக முன்கூட்டி வரி கட்டியதற்குக் கூலி 10, அந்த இரண்டு கூலிக்கும் சேர்த்து இன்னொரு எச்எஸ்டி 5.07. மொத்தம் 59.93. பதினாறு டொலர் வரியைக் கட்டித் தந்ததற்கு நாற்பத்து நாலு டொலர்!

கூரியர் கொம்பனிக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். இருபத்தைந்து நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு, பார்சலை வாங்கிவிட்டீர்கள் தானே, இனி ஒன்றும் செய்ய ஏலாது, கட்டாவிட்டால் கடன் வசூலிக்கிறவர்களிடம் போகும் என்றார் போனில் கதைத்த பிள்ளை. கடைக்காரருக்கு எழுதினால் அவர் அதைவிட மேல்: 'அடுத்த முறை அன்பளிப்பு என்று எழுதி அனுப்புகிறேன்' என்கிறார். தயவுசெய்து இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். 60 டொலருக்குள் அன்பளிப்புக்குச் சலுகை இருப்பது உண்மை, ஆனால் அது ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு அனுப்புவதற்கு. காசு கொடுத்து வாங்கியதை அப்படி எழுதினால் அது பொய்ப் பத்திரம்.

பிறகுதான் இருந்து வாசித்தேன். அந்த 0.00-க்கு அர்த்தம் வரி இல்லை என்பதல்ல, கடைக்காரர் அறவிடவில்லை என்பதுதான். 2020 யூலை 1-இல் இருந்து, அமெரிக்காவில் இருந்தோ மெக்சிக்கோவில் இருந்தோ கூரியரில் வந்தால் 40 கனடிய டொலர் வரைக்கும் விற்பனை வரி இல்லை, 150 வரைக்கும் சுங்கத் தீர்வை, அதாவது இறக்குமதிக்கு எடுக்கிற தனி வரி, இல்லை. நான் கேள்விப்பட்டிருந்தது இந்த 150-ஐ மட்டும். எச்எஸ்டிக்கு அது பொருந்தாது. வேறு நாடுகளில் இருந்து வந்தாலும், அமெரிக்காவில் இருந்தே தபாலில் வந்தாலும் இரண்டுக்கும் எல்லை 20 டொலர்தான். விற்பனை வரி வீதம் பொருள் வந்து சேரும் மாகாணத்தைப் பொறுத்தது. அல்பேர்ட்டா மாகாணத்தில் கல்கரியில் இருக்கும் அத்தானுக்கு இதே பெட்டி போயிருந்தால் 5 வீதம்தான்.

ஆனால் என்னை வெட்டியது வரி இல்லை, கூலி. தபாலில் வந்து, தீர்வை ஒன்றும் விழாமல் இருந்திருந்தால், வரி 15.86-உடன் கனடா போஸ்டின் கையாளல் கூலி 9.95, கிட்டத்தட்ட 26 டொலரோடு முடிந்திருக்கும். சில கடைகள் வரி, கூலி எல்லாம் சேர்த்து முன்னமே எடுத்துவிடும். விலை கூடுதலாகத் தெரிந்தாலும் பிறகு கடிதம் வராது.

கூரியரைத் தவிர வேறு வழியில்லை என்றால் நீங்களே சுங்கத்தில் எடுக்கலாம். பார்சல் வந்து சேர முதலே கூரியருக்குப் போன் அடித்து, சுங்கத்தில் எடுக்க உங்கள் ஆள் எனக்கு வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பார்சலின் கடதாசிகளை வாங்கிக்கொண்டு சுங்கத்தைப் பார்க்கிற கனடிய எல்லைச் சேவை அலுவலகத்துக்குப் போய் வரியைக் கட்டிப் பத்திரம் எடுக்க வேண்டும். அதைக் காட்டினால்தான் பார்சலைத் தருவார்கள். அரை நாள் வேலை, வேலைக்குப் போகிறவனுக்கு லீவு போட வேண்டும், 122 டொலர் சாமானுக்கு அது கட்டுப்படியாகுமா என்பது உங்கள் கணக்கு. ஆனால் பார்சல் கைக்கு வந்த பிறகு இந்த வழி இல்லை. வரியைப் பிழையாகக் கூடுதலாக எடுத்திருந்தால் எல்லைச் சேவைக்கு விண்ணப்பித்துத் திருப்பி எடுக்கலாம், கூரியரின் கூலிக்கு அவர்கள் பொறுப்பில்லை.

நான் 59.93-ஐக் கட்டிவிட்டேன். மனிசி அந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். மகள் இப்போது போனில்தான் சுருதி போடுகிறாள்.