அறக்கட்டளைக்குத் துணை நிறுவனம் தொடங்குகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் எங்கள் கதையைப் படியுங்கள்

சாயல்குடிப் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், பகலில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்களுக்கு வேலை. அறக்கட்டளைக்கு வரி விலக்குத் தரும் 12ஏபி, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இரண்டு பதிவும் இருக்கின்றன. 2023 தொடக்கத்தில் சென்னை இனிப்புக் கடை ஒன்று தீபாவளிக்கு 2,000 ஓலைப் பெட்டி கேட்டது. ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றார்கள். எங்கள் பெண்களுக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் அதுதான் முதல் தடவை.

மதுரையில் டிரஸ்ட் பதிவு, கம்பெனி பதிவு எல்லாம் செய்து தருவதாகப் பலகை வைத்திருந்த ஒருவரிடம் போனோம். தன்னை வக்கீல் என்றே சொல்லிக்கொண்டார். "அம்மா, டிரஸ்ட் பேர்ல வியாபாரம் பண்ணா 12ஏ போயிடும். கீழே ஒரு கம்பெனி போட்டுடலாம். டிரஸ்டோட துணை நிறுவனம்தானே, பணம் வெளிய எங்கயும் போகாது" என்றார். கம்பெனிச் சட்டம் பிரிவு 8-இன் கீழ் லாப நோக்கமற்ற கம்பெனியாகவே போடுவதாக வாய்வார்த்தை. மொத்தம் 68,000 ரூபாய், 45 நாள். முன்பணம் 40,000 ரூபாயை போனில் அனுப்பினோம். ரசீது கேட்டதற்கு "முடிஞ்சதும் சேர்த்துத் தர்றேன்" என்றார்.

அப்புறம் நடந்ததுதான் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. ஆங்கிலத்தில் அச்சடித்த 30 பக்கத்தைக் கொண்டுவந்து, பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்கினார். பொருளாளரின் பெயரில் டிஜிட்டல் கையெழுத்து எடுத்தார். அது இருக்கும் டோக்கனையும் (பென்டிரைவ் போலக் கணினியில் செருகுவது) அதன் கடவு எண்ணையும் அவரே வைத்துக்கொண்டார். கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர், இரண்டு இயக்குநர் வேண்டும் என்றார். அது உண்மைதான். ஆனால் இரண்டாவது ஆளாகத் தன் மச்சானைப் போட்டார். "இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு உங்க ஆள் பேருக்கு மாத்திக்கலாம்." நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம்.

ஆகஸ்ட் 2023இல் சான்றிதழ் வந்தது. பெயரின் கடைசியில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தது. பிரிவு 8 கம்பெனியின் பெயரில் அந்த வால் வரவே வராது. பவுண்டேஷன், பெடரேஷன், அசோசியேஷன் போன்ற சொல்தான் வரும். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம். தெரியாமல் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து பங்கு மூலதனம் என்று 1 லட்சம், சரக்குக்கும் தையல் இயந்திரத்துக்கும் கடனாக 3.5 லட்சம் அந்தக் கம்பெனிக்கு அனுப்பினோம்.

செப்டம்பர் 2024இல் தணிக்கை. எங்கள் பழைய ஆடிட்டர் ஓய்வு பெற்றுவிட்டதால் புதியவர் ஒருவர் வந்திருந்தார். வங்கிக் கணக்கைப் பார்த்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்த 1 லட்சம் யார் சொல்லிப் போட்டீங்க?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வருமான வரிச் சட்டம் 1961இல் பிரிவு 11(5) என்று ஒன்று இருக்கிறது. அறக்கட்டளைப் பணத்தை எங்கெல்லாம் போட்டு வைக்கலாம் என்ற பட்டியல் அது. அஞ்சலகச் சேமிப்பு, வங்கி வைப்பு, அரசுப் பத்திரம், அசையாச் சொத்து என்று போகும். நம்மைப் போன்றவர்கள் தொடங்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பங்கு அதில் இல்லை. அதில் பணம் போட்டால், வரி விலக்கைப் பறிக்கும் பிரிவு 13(1)(டி) குறுக்கே வரும். அப்படி விலக்கு இழக்கும் வருமானத்துக்கு 30 சதவீத வரி. செலவு எதையும் கழித்துக் காட்ட முடியாது. (ஏப்ரல் 2026 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்து எண்கள் மாறிவிட்டன. எங்கள் கணக்கு பழைய சட்டத்தில் வந்தது.)

அதோடு முடியவில்லை. அறக்கட்டளை கம்பெனியைப் போலத் தனிச் சட்ட நபர் இல்லை என்பதால், பங்கு பொருளாளரின் சொந்தப் பெயரில் இருந்தது. 51 சதவீதம் அவர் பெயரில், 49 சதவீதம் மச்சான் பெயரில். அறக்கட்டளைக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று கம்பெனிச் சட்டம் பிரிவு 89இன் கீழ் கொடுக்க வேண்டிய அறிவிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆக, காகிதத்தின்படி அது எங்கள் துணை நிறுவனமே இல்லை. எங்கள் பொருளாளரும் முன்பின் தெரியாத ஒருவரும் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு அறக்கட்டளை கடன் கொடுத்திருக்கிறது என்றுதான் வரித்துறை படிக்கும். அறங்காவலருக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள நிறுவனத்துக்கு அறக்கட்டளைப் பணம் போவது தனிக் குற்றச்சாட்டு. 35 வருடம் தபால் துறையில் ஒரு ரூபாய் பிசகாமல் வேலை பார்த்த மனிதர் அவர். அன்று இரவு அவர் வீட்டில் சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவி போன் செய்து அழுதார். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

கம்பெனி பக்கத்தைத் தோண்டினால் இன்னும் இருந்தது. பதிவான 180 நாளுக்குள் வணிகம் தொடங்கியதாக ஐஎன்சி-20ஏ படிவம் போட வேண்டும். போடவில்லை. கம்பெனிக்கு 50,000, இயக்குநருக்கு நாளொன்றுக்கு 1,000 வீதம் 1 லட்சம் வரை அபராதம் வரக்கூடும். பதிவு விண்ணப்பத்தைச் சான்றளித்தவர் வேறு மாநிலத்துக் கம்பெனிச் செயலர் (கம்பெனி செக்ரட்டரி). அவரை நாங்கள் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. 'அரசுக் கட்டணம்' என்று மதுரைக்காரர் எங்களிடம் 22,000 வாங்கியிருந்தார். 15 லட்சம் வரை மூலதனம் உள்ள கம்பெனிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. பெயர் ஒதுக்க 1,000, அப்புறம் முத்திரைத் தீர்வை, பான் எண் என்று சிறு தொகைகள்தான். சலான் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மதுரைக்காரரிடம் போய் நின்றபோது, "நீங்க கையெழுத்துப் போட்டீங்கல்ல?" என்றார். பங்கை மாற்றித் தர மச்சான் 75,000 கேட்டார். வேறொரு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பிய பிறகு 30,000க்கு இறங்கினார். கொடுத்தோம். வேறு வழி தெரியவில்லை. பார் கவுன்சிலில் விசாரித்ததில் மதுரைக்காரரின் பெயரில் வக்கீல் பதிவே இல்லை என்றார்கள். காவல் நிலையத்திலும் கம்பெனிச் செயலர் கழகத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. துணை நிறுவனமே எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஏழைப் பெண்களுக்கு வேலை கொடுப்பது எங்கள் நோக்கத்திலேயே இருக்கிறது. அதைச் சார்ந்த விற்பனையை, தனிக் கணக்குப் புத்தகம் வைத்து, அதே பழைய வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 11(4ஏ)இன் கீழ் அறக்கட்டளையே செய்யலாம் என்றார் புதிய ஆடிட்டர். ஜிஎஸ்டி பதிவும் அறக்கட்டளையின் பான் எண்ணிலேயே கிடைக்கும். பொதுப் பயன்பாட்டு நோக்கம் மட்டும் உள்ள அமைப்பு என்றால் வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவர்கள் கணக்கு வேறு. உங்கள் நோக்கம் எந்த வகை என்பதைப் பத்திரத்தைப் படித்துச் சொல்லக்கூடிய ஆளிடம் முதலில் கேளுங்கள். எங்கள் டிரஸ்ட் பத்திரத்தை அந்த மதுரைக்காரர் ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

எங்களுக்கு வெளிநாட்டு நன்கொடை கிடையாது. வாங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றக் கூடாது. நீங்களே தொடங்கிய நிறுவனமானாலும் இதேதான்.

ஏற்கெனவே யாரிடமாவது பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைத் திரும்ப வாங்குங்கள். தராவிட்டால் வழங்கிய நிறுவனத்துக்கு எழுதி ரத்து செய்யுங்கள். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் உங்கள் கம்பெனி பெயரைத் தேடி இயக்குநர் யார் என்று பாருங்கள். 100 ரூபாய் கட்டினால் பதிவான ஆவணங்களையும் பார்க்கலாம். பங்கு யார் பெயரில் இருக்கிறது என்பது அதில் தெரியும். அது தெரியும் வரை அறக்கட்டளைக் கணக்கிலிருந்து ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

கடன் 3.5 லட்சத்தில் 2.9 லட்சம் திரும்பி வந்தது. மீதி சரக்கில் முடங்கிவிட்டது. கம்பெனியை மூட எஸ்டிகே-2 படிவம் போட்டிருக்கிறோம். அதற்கே 10,000 கட்டணம். அந்த 2,000 பெட்டி ஆர்டர் கம்பெனிக்கு ஜிஎஸ்டி எண் வராததால் கைவிட்டுப் போனது. குருத்தோலை வாங்கிச் சாயம் போட்டு வைத்திருந்த 14 பெண்களுக்கும் அந்தத் தீபாவளிக்குக் கூலி கொடுக்க முடியவில்லை. இப்போது அறக்கட்டளைப் பெயரில் ஜிஎஸ்டி எடுத்துவிட்டோம். போன வாரம் அதே கடைக்கு 300 பெட்டி போயிருக்கிறது, எங்கள் பில்லோடு.