வன்னியிலிருந்து கடுகண்ணாவைப் புகையிரத அருங்காட்சியகம்: வான், பாதை, சாப்பாடு

வன்னியில் ஓடும் வானுக்கு மேடு தெரியாது. கிளிநொச்சியிலிருந்து மதவாச்சி தாண்டும் மட்டும் ஏ9 தட்டையாகவே கிடக்கும். றேடியேற்றரின் அடைப்போ பிறேக்கின் பலவீனமோ அங்கே வெளியில் வராது. கண்டிக்குக் கிட்ட இருக்கும் கடுகண்ணாவை மலை ஏற்றத்தில்தான் எல்லாம் ஒரேயடியாகத் தெரியவரும். ஆகவே கோவிலுக்கோ கடற்கரைக்கோ போகும் ஆயத்தம் இந்தப் பயணத்துக்குப் போதாது.

முதலில் றேடியேற்றர். நம்மூர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதையே ஊற்றி ஊற்றி உள்ளே படை கட்டியிருக்கும், வெளித் தகடுகளில் கிரவல் புழுதி அடைத்திருக்கும். தட்டை றோட்டில் 70 கி.மீ. வேகத்தில் ஓடும்போது முன்னிருந்து வரும் காற்றே சூட்டை இறக்கிவிடும். மாவனல்லைக்கு மேலே லொறிக்குப் பின்னால் 20 இல் ஊரும்போது மின்விசிறி மட்டும்தான் துணை. பழைய டொல்பின் வான்கள் பத்துப் பேரோடும் ஏசியோடும் சூடேறி நிற்பது இதனால்தான். புறப்பட ஒரு கிழமைக்கு முன் றேடியேற்றரைக் கழுவி, கிணற்றுத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, கலந்து விற்கும் கூலன்டை நிரப்புங்கள். மூடியின் றப்பர், ஃபான் பெல்ட் இரண்டையும் அப்போதே பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டினால் உடனே ஏசியை நிறுத்துங்கள். இன்னும் ஏறினால் அகலமான ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள். அரை மணி நேரத்துக்கு மூடியில் கை வைக்கக் கூடாது.

பிறேக் அதைவிட முக்கியம். பிறேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் ஓயில் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சாகிவிடும். ஓயில் மாற்றி இரண்டு வருடம் கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். முன் பாட் 3 மி.மீ.க்குக் கீழ் என்றால் புதுசு போடுங்கள். இறக்கத்தில் ஓட்டோ கியர் வானுக்கு ஓவர்ட்ரைவை நிறுத்தி 2க்கு இறக்கவேண்டும். மனுவல் என்றால் ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் கணக்கு.

பாதை இரண்டு. தம்புள்ளையிலிருந்து மாத்தளை, கண்டி வழியாகப் போனால் கிட்டத்தட்ட 30 கி.மீ. மிச்சம். ஆனால் கட்டுகஸ்தோட்டையிலும் கண்டியிலும் பாடசாலை நேரத்தில் அகப்பட்டால் அந்த மிச்சம் முழுக்கப் போய்விடும். போகும்போது தம்புள்ளையிலிருந்து ஏ6 இல் குருநாகல், பிறகு பொல்கஹவெல, கேகாலை, மாவனல்லை என்று ஏறுங்கள். திரும்பும்போது கண்டி, மாத்தளை வழியே வாருங்கள். இப்படிச் சுற்றினால் கடுகண்ணாவைக் கணவாயில் ஏற்றம் மட்டும்தான், களைத்த சாரதி அதில் இறங்கத் தேவையில்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 2025 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவையில் மண் சரிந்து உயிர்கள் போயின, கொழும்பு - கண்டி வீதியும் மூடப்பட்டது.

கிளிநொச்சியில் காலை 4 மணிக்குப் புறப்பட்டால் 11 மணியளவில் சேரலாம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க, கச்சான் வாங்க 15 நிமிடம் கணக்கில் வையுங்கள். யாரும் அதை விடப்போவதில்லை. விடியுமுன் ஓமந்தை மட்டும் மாடுகள் தார் றோட்டில் படுத்திருக்கும். கறுத்த மாடு லைற்றில் கடைசி நேரத்தில்தான் தெரியும், அதுவரை வேகம் வேண்டாம்.

சாப்பாட்டில் தேங்காய்ப்பூப் பிட்டும் தேங்காய்ச் சம்பலும் வானுக்குள் பத்து மணிக்கே புளித்துவிடும். இடியப்பத்துக்குச் சீனிச்சம்பலும் வறட்டிய கறியும் கட்டினால் மதியம் வரை தாங்கும். மலை வளைவுக்குப் பழகாத பிள்ளைகள் மாவனல்லைக்குப் பிறகு கட்டாயம் வாந்தி எடுப்பார்கள். கேகாலைக்குப் பிறகு சாப்பாடு கொடுக்காதீர்கள். போனைப் பறித்து வைத்து, முன் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள்.

அருங்காட்சியகம் கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தோடு ஒட்டியிருக்கிறது. இலங்கையில் முதல் ரயில் 1864 டிசெம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு 54 கி.மீ. ஓடியது. அதன் 150ஆவது ஆண்டு நாளில், 2014 இல், இந்த இடம் திறக்கப்பட்டது. ரம்புக்கனையிலிருந்து வரும் பாதை ஏறி முடியும் இடம் என்பதால் சேவை நடக்கும் நாளில் முன்னால் உண்மை ரயிலும் போகும். கையில் அளவு நாடா ஒன்று கொண்டுபோங்கள். தண்டவாளத் தலைகளின் உள் விளிம்புக்கு உள் விளிம்பு அளந்தால் அகலப் பாதை 1676 மி.மீ. வரும். களனிப் பள்ளத்தாக்கில் ஓடிய ஒடுங்கிய பாதை 762 மி.மீ. அந்தப் பாதையின் சின்ன எஞ்சின்களுக்குப் பக்கத்தில் இந்த அளவைச் சொன்னால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் சட்டென்று விளங்கும்.

எஞ்சினை விட அதிக நேரம் கொடுக்கவேண்டியது டப்லட் பெட்டிக்கு. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில் எதிரெதிரே வராமல் காத்தது அதுதான். இரண்டு நிலையங்களின் பெட்டிகளும் மின்கம்பியால் இணைந்தவை. மற்ற நிலையத்து அதிபர் அங்கிருந்து அழுத்திச் சம்மதம் கொடுத்தால்தான் இங்கே ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டும் பூட்டு. தகட்டைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தோடு சாரதியின் கையில் கொடுப்பார்கள். அது இல்லாமல் ரயில் நகராது. 1990க்கு முன் வன்னி நிலையங்களிலும் இதே ஏற்பாடுதான். புதுப் பாதையில் விளக்குச் சமிக்ஞை வந்துவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு இடைவெளி உண்டு. 1990 ஜூனில் யாழ்ப்பாண ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போர்க்காலப் பதுங்குகுழிகளான பங்கர்களுக்குப் போயின. கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தது 2013 செப்டெம்பர் 14 இல். அதனால் வானில் இருக்கும் பெரியவர்கள் தண்டவாளத்தைக் கண்டதும் பங்கர்க் கதைதான் சொல்வார்கள். சொல்லட்டும், எந்தப் பலகையிலும் அது இருக்காது. வடக்குப் பாதை 1905 இல் முழுமையானது, யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது, 1954 இல் கனடாவிலிருந்து வந்த எம்2 எஞ்சின்கள் பின்னாளில் அதை இழுத்தன என்பவற்றை வழியிலேயே சொல்லி வைத்தால் உள்ளே நேரம் வீணாகாது.

இரண்டு மணித்தியாலம் தாராளம். அருகே கொழும்பு - கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம், 1832 இல் கட்டியது, கீழே நின்று பார்த்தால் போதும். முழங்கால் வருத்தக்காரர்களை வானில் ஏற்றாமல் கிளிநொச்சியிலிருந்து ரயிலில் பொல்கஹவெல வரை அனுப்பி, அங்கே கண்டி ரயிலுக்கு மாற்றலாம். மலைப் பாதையில் சேவை நடக்கிறதா என்று முதல் நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது 2 மணிக்கு முன் கிளம்பினால் கண்டியில் பாடசாலை நெரிசலில் மாட்டுவீர்கள். மூன்றரை நல்ல நேரம். தம்புள்ளை மரக்கறிச் சந்தைப் பக்கம் லொறிகள் குறுக்கே திரும்பும், அங்கே தேத்தண்ணிக்கு நிறுத்தாமல் கெக்கிராவையில் நிறுத்துங்கள். அதற்கு மேல் இரண்டாவது சாரதி ஓட்டுவது நல்லது.