இங்கிலீஷ் டென்ஸ் கத்துக்க இந்த ஆப் போதுமா? நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னு கீழ சொல்றேன், அதை மட்டும் படிச்சுட்டு ஆப் சரியில்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஏன்னா இதுல ஒரு லெசன் இருக்கு, அது எனக்கு பல வருஷமா புரியாத ஒண்ணை பத்து நிமிஷத்துல புரிய வச்சுது.

முதல்ல எனக்கு என்ன பிரச்சனைன்னு சொல்றேன். ஒரு இன்டர்வியூல இப்போதைய வேலையில என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. "தினமும் ரிப்போர்ட் நான்தான் செக் பண்ணுவேன்"னு மனசுல ஓடுச்சு, அதை அப்படியே "ஐ வில் செக் த ரிப்போர்ட்ஸ் டெய்லி"ன்னு சொல்லிட்டேன். எதிர்ல இருந்தவர் "அப்போ இன்னும் ஆரம்பிக்கலையா, இப்ப யாரு பாக்கறாங்க"ன்னு கேட்டார். எனக்கு அவர் ஏன் அப்படி கேக்கறார்னே புரியல, நான் மறுபடியும் அதே வில் போட்டு விளக்கினேன், அவருக்கு இன்னும் குழம்பிடுச்சு. ஸ்கூல்ல டென்ஸ் டேபிள் முழுக்க மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன் நான், ஆனா அந்த டேபிள்ல இதுக்கு பதில் இல்ல.

இந்த ஆப்ல மூணாவது லெசன் சரியா அந்த இடத்தை தொடுது. நம்ம பேச்சுல "வேன், வார், வாங்க"ன்னு முடியறதை எதிர்காலம்னு படிச்சிருக்கோம், ஆனா பாதி நேரம் அதை பழக்கத்தை சொல்லத்தான் யூஸ் பண்றோம். "அவர் காலையில வாக்கிங் போவார்"னா நாளைக்கு போகப் போறார்னு அர்த்தம் இல்ல, தினமும் போறவர்னு அர்த்தம். இங்கிலீஷ்ல அதுக்கு சிம்பிள் ப்ரசன்ட், "ஹீ கோஸ் ஃபார் அ வாக்"தான், அங்க வில் போட்டா கேக்கறவங்க பெரும்பாலும் இனிமே நடக்கப் போறதா எடுத்துக்குவாங்க. அதோட நிக்கல. "சின்ன வயசுல நிறைய நீச்சல் அடிப்பேன்"னும் சொல்றோம் இல்லையா, அதே "பேன்" முடிவுதான், ஆனா நடந்தது முழுக்க பழைய கதை, அதுக்கு "ஐ யூஸ்ட் டு ஸ்விம் அ லாட்"னு வரணும். ஒரே முடிவு நமக்கு மூணு வேலை செய்யுது, இங்கிலீஷ்ல மூணுக்கும் தனித்தனி வழி இருக்குன்னு இதுக்கு முன்னாடி எனக்கு யாருமே இப்படி சொல்லித் தரல. அந்த லெசன் முடிச்ச அன்னைக்கு பழைய மெயில் எல்லாம் திறந்து பாத்தேன், தேவையில்லாத வில் எத்தனை இடத்துல போட்டிருக்கேன்னு எண்ணவே முடியல.

ஃபார், சின்ஸ் பத்தின லெசனும் நல்லா இருக்கு. "ரெண்டு வருஷமா"ன்னு "ஆ"ல முடிஞ்சா ஃபார், "2020லேர்ந்து"ன்னு வந்தா சின்ஸ், பெரும்பாலும் இது போதும். நாம "அஞ்சு வருஷமா இங்க வேலை பாக்கறேன்"னு நிகழ்காலத்துல சொல்றதால "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்"னு வாய்ல வந்துடுது, "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்"னு சொல்லணும்னு நாப்பது வாக்கியம் குடுத்து பழக்கிடறாங்க. "டிட் வென்ட்" மாதிரி தப்பு, ஒழுங்கா மாறாத வெர்ப் லிஸ்ட், "கார் வச்சிருக்கேன்"ங்கறதை "ஐ ஆம் ஹேவிங் அ கார்"னு சொல்றது, இதெல்லாம் எல்லா ஆப்லயும் இருக்கற மாதிரிதான், குறை சொல்ல ஒண்ணுமில்ல.

இப்ப அந்த ஒரு ஸ்டார். ஆறாவது லெசன், ப்ரசன்ட் பெர்ஃபெக்ட், அதாவது "ஐ ஹேவ் ஈட்டன்" மாதிரி ஹேவ் சேத்து சொல்றது. மூணாவது லெசன்ல அர்த்தத்தை பாருங்க, முடிவை பாக்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தவங்க இங்க வந்து "ட்டேன், இருக்கேன்னு முடிஞ்சா ஹேவ் போடுங்க"ன்னு ஒரு ஃபார்முலா குடுத்துட்டாங்க. "சாப்பிட்டுட்டேன்"னா "ஐ ஹேவ் ஈட்டன்", சரி. ஆனா "நேத்தே அனுப்பிட்டேன்"னா? அந்த ஃபார்முலாவ நம்பி "ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே"ன்னு நான் மெயில் போட்டேன், அது தப்பு, யெஸ்டர்டேன்னு முடிஞ்சு போன நேரத்தை சொல்லிட்டா "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே"தான் வரணும். "அந்த படம் பாத்திருக்கேன்"னா "ஐ ஹேவ் சீன் இட்". அதே "போன வருஷம் பாத்திருக்கேன்"னா "ஐ சா இட் லாஸ்ட் இயர்". தமிழ்ல போன வருஷம்னு சொல்லிட்டும் இருக்கேன் போடலாம், இங்கிலீஷ்ல அது ஒத்துக்காது. எப்பன்னு சொல்லியாச்சா இல்லையா, அதைத்தான் பாக்கணும், வார்த்தை எதுல முடியுதுன்னு இல்ல. இவ்ளோ முக்கியமான இடத்துல, அதுவும் தமிழ் பேசறவங்க அதிகமா வழுக்கற இடத்துல, ஷார்ட்கட் குடுத்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருந்துச்சு.

இன்னொண்ணு, "ஐ ஜஸ்ட் ஏட்"னு டைப் பண்ணா தப்புன்னு சிவப்பு காட்டுது, "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்"னாதான் பச்சை. அமெரிக்கன் இங்கிலீஷ்ல ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் கூட சிம்பிள் பாஸ்ட் சர்வசாதாரணமா பேசறாங்க, அதனால ரெண்டையும் ஏத்துக்கணும், இல்லன்னா இது பிரிட்டிஷ் முறைன்னாவது ஒரு வரி போடணும். புதுசா கத்துக்கறவங்க சரியா சொன்னதையே தப்புன்னு நினைச்சு விட்டுடுவாங்க.

ஆடியோவும் கொஞ்சம் ஏமாத்துது. அந்த குரல் "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்"னு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி சொல்லுது, நிஜத்துல பேசறவங்க "ஐவ் ஃபினிஷ்ட்"னு சொல்லும்போது அந்த வ் சத்தம் காதுல விழறதே கஷ்டம். "ஐட்"னு கேட்டா அது ஹேட் சுருங்கினதா வுட் சுருங்கினதான்னு பின்னாடி வர்ற வெர்ப்ப வச்சுத்தான் கண்டுபிடிக்கணும், "ஐட் கான்"னா ஹேட், "ஐட் கோ"ன்னா வுட். இதுக்கு ஒரு லெசன் கூட இல்ல, எழுத்துல ஃபுல் மார்க் வாங்கிட்டு ஃபோன் கால்ல பேச உக்காந்தா பாதி புரியாம போறதுக்கு இதுதான் காரணம்னு எனக்கு தோணுது.

எப்படி யூஸ் பண்றதுன்னு கேட்டா, முதல் பக்கத்துல வர்ற 12 கட்டம் போட்ட டேபிள தாண்டிப் போங்க. வெர்ப் தானா மாறறது ப்ரசன்ட், பாஸ்ட் ரெண்டுக்குத்தான், மீதியெல்லாம் ஹேவ், பீ, வில்னு துணைக்கு ஒண்ணை சேத்து கட்டறது. அதனாலதான் நாளைக்கு நடக்கப் போறதை சொல்ல வில், கோயிங் டு, "ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ"ன்னு இத்தனை வழி இருக்கு. அப்பவே முடிவு பண்ணி சொல்றதுக்கு வில், முன்னாடியே நினைச்சு வச்சதுக்கு கோயிங் டு, ஏற்பாடு எல்லாம் முடிஞ்சதுக்கு "ஐ ஆம் மீட்டிங்" மாதிரி, இந்த வித்தியாசத்தை பதினோராவது லெசன்ல அழகா சொல்லியிருக்காங்க, அதை முதல்லயே படிச்சுடுங்க. நான் டெய்லி ஒரு லெசன் முடிச்சதும் என்னைப் பத்தி அஞ்சு வரி எழுதுவேன், முதல் வரி பழக்கம், ரெண்டாவது நேத்து நடந்தது, மூணாவது இப்ப வரைக்கும் தொடர்றது, மீதி ரெண்டும் நாளைக்கு. விடாம எத்தனை நாள் படிச்சோம்னு ஆப் காட்டற ஸ்ட்ரீக் எண்ணிக்கைய விட இதுதான் எனக்கு உதவுச்சு.

சுத்தமா இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு இந்த ஆப் வேகமா போற மாதிரி இருக்கும், ஏற்கனவே ஓரளவு எழுதத் தெரிஞ்சு பேசும்போது தடுமாறறவங்களுக்கு நிச்சயமா வாங்கச் சொல்வேன். டீம்ல யாராவது இதை படிச்சா ஆறாவது லெசன மட்டும் மூணாவது லெசன் எழுதினவங்ககிட்ட குடுத்து மாத்தி எழுதச் சொல்லுங்க, மாத்தின அன்னைக்கே அஞ்சாவது ஸ்டார் போடறேன்.