பிள்ளைகளுக்கு ஏர் ரைஃபிள்: ஸ்பிரிங்கா, பிசிபியா?

என் மகள் ஏழாம் வகுப்பு, தம்பி மகன் நான்காம் வகுப்பு. இருவருக்கும் சேர்த்து ஒரு ஏர் ரைஃபிள் வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் மூன்று யோசனைகள் வந்தன. சில ஆயிரங்களில் கிடைக்கும் ஸ்பிரிங் துப்பாக்கி, புத்தம் புதிய ஜெர்மன் ஜூனியர் பிசிபி (அழுத்திய காற்றை முன்பே சிலிண்டரில் நிரப்பி வைத்துச் சுடும் வகை), அல்லது இன்னொருவர் பயன்படுத்திக் கைமாற்றும் பிசிபி. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். பத்து மீட்டர் போட்டிக்குப் பழகும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்தில் தகர டப்பாவைச் சுடத்தான் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

எல்லோரும் முதலில் கேட்பது உரிமம். குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமல், ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் அதில் பாதிகூட வராது. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பறவை, அணில் பக்கம் குழலைத் திருப்புவது வீட்டு விதிப்படியும் கூடாது, 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படியும் கூடாது. பெல்லட், அதாவது இதில் போடும் சின்னக் குண்டு, ஈயம், அதனால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதெல்லாம் எந்த வகை வாங்கினாலும் ஒன்றுதான்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு நல்ல பக்கங்கள் உண்டு. விலை குறைவு, காற்று நிரப்பும் வேலை இல்லை, எங்கும் எடுத்துப் போகலாம். பள்ளி அளவுப் போட்டிகளில் ஓபன் சைட் (குழல்மேல் இருக்கும் சாதாரணக் குறிமுனையை வைத்துக் குறிபார்ப்பது) பிரிவு தனியாக இருப்பதால், பிள்ளைக்கு இதில் ஆர்வம் நிலைக்குமா என்று பார்க்க அது போதும். ஆனால் அதன் உள்வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். ட்ரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அழுத்தும், அந்தக் காற்று குண்டைத் தள்ளும். குண்டு வெளியேறுவதற்குள்ளேயே துப்பாக்கி ஓர் உதறு உதறிவிடும். பத்து மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலம். குண்டு எட்டில் விழுந்தால் தப்பு தன் பிடியிலா, துப்பாக்கியின் உதறலிலா என்று பிள்ளைக்கும் தெரியாது, கோச்சுக்கும் தெரியாது. தெரியாத தப்பை எப்படித் திருத்துவது?

அப்புறம் கை வலி. ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். பெரியவர்களுக்குப் போட்டியில் 60 குண்டுகள், ஒன்றேகால் மணி நேரம். சிறுவர்கள் அதில் பாதி சுட்டாலே தோள் தளர்ந்துவிடும், நின்ற நிலையும் ஒவ்வொரு முறையும் கலையும். மடக்கிய குழலைச் சரியாகப் பிடிக்காதபோது ட்ரிகர் தட்டினால் குழல் படாரென்று மூடி விரலை நசுக்கும். பெல்லட் போடாமல் சுட்டால் பிஸ்டன் அடி வாங்கும் என்பதால் வீட்டில் வெறும் பயிற்சியும் செய்ய முடியாது.

பிசிபியில் இந்தத் தொல்லைகள் இல்லை. குழலுக்கு அடியில் ஒரு சிலிண்டர், அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. ஒவ்வொரு குண்டுக்கும் வால்வு அளவாகக் கொஞ்சம் திறந்து மூடும். உதறல் இல்லை என்றே சொல்லலாம். விரலால் ஒரு சின்ன நெம்புகோலைத் திறந்து பெல்லட்டை வைத்து மூடினால் போதும். மேட்ச் வகையில் காற்றே செலவாகாமல் ட்ரிகர் மட்டும் பழகும் வசதியும் உண்டு. என் மகள் மாலையில் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று அதைத்தான் செய்கிறாள். ஜூனியர் மாடல்களில் தோளில் பதியும் பட் பிளேட்டை நீட்டிக் குறைக்கலாம், கன்னம் வைக்கும் கட்டையை ஏற்றி இறக்கலாம். இரண்டு உயரப் பிள்ளைகளுக்கு ஒரு துப்பாக்கி ஒத்து வருவது இதனால்தான். எடையும் பெரியவர்களுடையதைவிடக் குறைவு.

ஆக, பிசிபி என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. உல்மில் செய்யும் வால்தர், அன்ஷுட்ஸ், ஓபெர்ன்டோர்ஃபில் செய்யும் ஃபைன்வெர்க்பௌ, மூன்றுமே நல்லவை. ரேஞ்சில் இவற்றைத்தான் அதிகம் பார்க்கிறேன். பிராண்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். புதியதா, பழையதா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்வது சிலிண்டர்.

அந்தச் சிலிண்டரின் உடலில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அதன் ஆயுள் பத்து ஆண்டுகள். அதற்குப் பிறகு அது பளபளவென்று இருந்தாலும், அழுத்தம் காட்டும் மீட்டரின் ஊசி 200ஐக் காட்டினாலும் காலாவதிதான். தேதி கடந்த சிலிண்டரோடு போட்டிக்கு வரக் கூடாது என்கிறது சர்வதேச விதி. அதைப் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு. விதியை விடுங்கள், அவ்வளவு அழுத்தத்தை அடக்கிய ஒரு குழாய் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் தேதி பார்த்து வாங்குகிற நாம் இதில் பார்க்காமல் இருக்கலாமா?

விளம்பரத்தில் மலிவாகத் தெரியும் பல பழைய துப்பாக்கிகள் மலிவாக இருப்பதற்குக் காரணம் இந்தத் தேதிதான். துப்பாக்கி இரும்பு மாதிரி உழைக்கும், இருபது ஆண்டுகூட ஓடும். சிலிண்டர் ஓடாது. புதுச் சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பல ஆயிரம் ஆகும், காத்திருக்கவும் வேண்டும். ஆகவே விற்பவர் சொல்லும் விலையோடு புதுச் சிலிண்டரின் விலையையும் கூட்டிப் பாருங்கள். 2019 என்று பொறித்திருந்தால் 2029 வரைதான். பெரியவள் பள்ளி முடிக்கும்வரை தாங்குமா, சின்னவன் கைக்கு வரும்போது எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கும் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்துத்தான் நாங்கள் முடிவு செய்தோம். மறுவிற்பனையும் இதே கணக்குதான். வாங்க வருபவர் முதலில் தடவிப் பார்ப்பது அந்த எழுத்துகளைத்தான். புதிதாக வாங்குபவருக்குப் பத்து ஆண்டும் முழுதாகக் கிடைக்கும், அது உண்மை. ஆனால் அதற்கு லட்சங்களில் கொடுக்க வேண்டும். நல்ல தேதியுள்ள பழையது கிடைத்தால் மிச்சமாகும் பணத்தில் ஷூட்டிங் ஜாக்கெட்டும் ஓராண்டு பெல்லட்டும் வாங்கலாம்.

காற்று நிரப்புவதையும் முன்கூட்டியே யோசியுங்கள். நாங்கள் கிளப்பில் இருக்கும் ஸ்கூபா சிலிண்டரில் நிரப்புகிறோம். பெரிய சிலிண்டரின் அழுத்தம் குறையக் குறைய நம்முடையதும் அந்த அளவுக்குத்தான் நிரம்பும். வேகமாக நிரப்பினால் சூடேறி ஊசி ஏறும், ஆறியதும் இறங்கும். அதனால் மெதுவாகத் திறக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் அது வெடிக்கும். சென்னை மே மாத வெயிலில் மூடிய காருக்குள் இதை விட்டுவிட்டுப் போவதும் ஆபத்து. கைப் பம்பு இருந்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறார்கள். அதை நான் நாள்பட வைத்துப் பார்த்ததில்லை. நம் கடலோர ஈரக் காற்று உள்ளே தண்ணீராகத் தங்கிவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்தியத் தயாரிப்பு பிசிபிகளும் சந்தையில் இருக்கின்றன. விலை குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம். கிளப்பில் கையில் எடுத்துச் சுட்டுப் பார்த்த அளவில்தான் எனக்குப் பழக்கம், நன்றாகவே இருந்தது. ஆனால் நீண்ட நாள் உழைப்பைப் பற்றி என் அனுபவத்தில் சொல்ல எதுவும் இல்லை. பட்ஜெட் இடிக்கிறது, காற்றுக்கு வழி இருக்கிறது என்றால் ஸ்பிரிங்குக்குப் போகுமுன் இதைப் பார்த்துவிடுங்கள். ரேஞ்ச் தொலைவில், காற்று நிரப்ப இடமே இல்லாத ஊர் என்றால் மட்டும் நான் ஸ்பிரிங்கைச் சொல்வேன்.

கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதையும், டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டதையும் என் மகள் மனப்பாடமாகச் சொல்வாள். அந்த ஆசை பிள்ளைக்கு இருக்கும்போது கையில் கொடுப்பது அதற்கு ஈடு கொடுக்கும் துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

பழையதை வாங்கப் போகிறீர்கள் என்றால், நேரில் போகுமுன் சிலிண்டரில் பொறித்த தேதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் போக வேண்டாம். போனதும் 200 பாருக்கு நிரப்பி, சூடு ஆறியதும் ஊசியின் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஓர் இரவு அப்படியே வைக்கச் சொல்லுங்கள். காலையில் ஊசி இறங்கியிருந்தால் எங்கோ சீல் போயிருக்கிறது. சீல் மாற்றுவது பெரிய செலவில்லை, அதைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசலாம். பிள்ளையையும் கூட்டிப் போய், பட் பிளேட்டைக் கடைசிவரை உள்ளே தள்ளி, தோளில் வைத்து நிற்கச் சொல்லுங்கள். கழுத்தை வளைக்காமல் கண் பீப் சைட்டுக்கு (குறிபார்க்கும் சின்னத் துளைக்கு) வருகிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.