வேடந்தாங்கல்: ஏரியோடு திரும்பிவிடாதீர்கள்

இந்தப் பறவைகள் சரணாலயத்துக்குச் சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஏரி நிரம்பியிருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் இல்லாத வருஷம் பறவையும் இருக்காது. விடியற்காலை அல்லது சாயங்காலம் போவதுதான் நல்லது. கரைமேலேயே நடக்கலாம், வயதானவர்களுக்கும் சிரமமில்லை. பைனாகுலர் கட்டாயம் வேண்டும்.

ஜனவரியில் மகளோடு போயிருந்தேன். கரைக்குக் கிட்டே ஒரு நீர்க்கடம்பு மரத்தில் நத்தைக்குத்தி நாரையின் கூடு. பெரிய பறவை வந்து இறங்கியதுதான் தாமதம், குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு மோதின. அது தலையைக் குனிந்து நத்தைச் சதையைக் கூட்டிலேயே கக்கியது. மூடிய அலகின் நடுவே இருக்கும் இடைவெளிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

“இவ்வளவு நத்தையும் இந்த ஏரியிலயாம்மா இருக்கு?” என்றாள் மகள். நல்ல கேள்வி. ஏரி மொத்தமே சுமார் 74 ஏக்கர். ஆயிரக்கணக்கான பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் அது எப்படிப் போதும்? இது அவை படுத்துறங்கும் வீடு. சாப்பாடு சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும்தான். அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரையும் சேர்த்துச் சரணாலயமாக அறிவித்தார்கள்.

2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்தது. கேட்க ஏதோ 2 கிலோமீட்டர்தான். பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 78 சதுர கிலோமீட்டர் 28 ஆகிவிடும். கடும் எதிர்ப்பு கிளம்பியதால் அது நடக்கவில்லை. ஆனால் “ஏரியைத் தொடவே இல்லையே” என்ற வாதம் எந்தச் சரணாலயத்துக்கும் நாளைக்கே வரலாம். இரை கிடைக்கும் இடத்தை எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் காப்பாற்றுவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் சரணாலய எல்லையை மாற்றக்கூடாது என்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பூட்டைத் தளர்த்த யார் வந்தாலும் எதிர்க்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் தங்கள் பங்கை எப்போதோ செய்துவிட்டார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம்.

திரும்பும்போது நேரே ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) ஏறாமல், பக்கத்து ஏரிக்கரைகள் வழியாக வாருங்கள். கூட்டில் பார்த்த நாரைகள் சேற்றில் அலகை விட்டுத் துழாவுவதை அங்கேதான் பார்க்க முடியும். வண்டியை ஓரமாக நிறுத்திப் பாருங்கள், வயலில் இறங்காதீர்கள், நடவு மிதிபடும்.